எச்.ஐ.வி மருந்து ஆய்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைரஸ் நோய்க்கு மருந்து கண்டுபிடித்தார்கள் என்றதும் ஆய்வுக்கூடமும் சோதனைக்குழாயும்தான் மனதில் வரும். அது பாதி வேலை. மீதிப் பாதி மனிதர்களிடம், பல வருஷம், நிறைய ஏமாற்றங்களோடு நடக்கிறது. அந்த இரண்டாவது பாதியைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகள் இவை. எச்.ஐ.வியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், ஜெயித்த ஆய்வு, தோற்ற ஆய்வு, வினையாய் முடிந்த ஆய்வு எல்லாம் இந்த ஒரு வைரஸிலேயே இருக்கின்றன. சென்னைக்கும் அதில் பங்கு உண்டு.

மருந்து ஆய்வு என்றால் ஆட்களைச் சோதனை எலி ஆக்குவதுதானே?

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஏழைகள் மேல் நடத்தப்பட்ட ஆய்வுகள் சரித்திரத்தில் உண்டு. அதனால்தான் இன்று நெறிமுறைக் குழுவின் அனுமதி, பங்கேற்பவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம், காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை என்று வேலி போட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஆய்வே செய்யாமல் ஒரு மருந்தை எல்லோருக்கும் கொடுப்பதும் சோதனைதான். என்ன ஆனது என்று யாரும் கணக்கு வைக்காத சோதனை. நோனாக்ஸினால்-9 என்ற ரசாயனத்தைப் பாருங்கள். கருத்தடைக் களிம்புகளில் பல வருஷமாக இருந்தது. சோதனைக்குழாயில் எச்.ஐ.வியைக் கொன்றது. அப்படியானால் பெண்களை எச்.ஐ.வியிலிருந்து காக்கும் என்று நினைப்பது நியாயம்தானே? ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் பாலியல் தொழில் செய்யும் பெண்களிடம் முறையாக ஆராய்ந்து பார்த்தபோது, அதைப் பயன்படுத்தியவர்களுக்குத்தான் தொற்று அதிகம் வந்திருந்தது. அடிக்கடி போட்டுக்கொண்டால் உள்ளே இருக்கும் மென்மையான தோலை அது புண்ணாக்கி, வைரஸுக்கு வழி திறந்துவிட்டிருந்தது. ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால், பாதுகாப்பு என்று நம்பியே இன்னும் எத்தனை பேர் போட்டுக்கொண்டிருப்பார்களோ.

யாருக்கு எந்த மருந்து என்பதை டாக்டர் முடிவு செய்யாமல் குலுக்கல் போடுவது ஏன்?

டாக்டர் முடிவு செய்தால், தேறக்கூடியவர்களுக்குப் புது மருந்தும் மற்றவர்களுக்குப் பழையதும் போய்ச் சேரும். கடைசியில் ஜெயித்தது மருந்தா, ஆளின் தெம்பா என்று தெரியாது. கம்ப்யூட்டர் குலுக்கினால் வயது, வறுமை, நோயின் கடுமை எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும்.

பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுப்பது அநியாயம் இல்லையா?

சில சமயம் அநியாயம், சில சமயம் இல்லை. நிரூபணமான மருந்து ஏற்கனவே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

1986-ல் எய்ட்ஸுக்கு எதுவுமே இல்லை. 1964-ல் புற்றுநோய்க்காக உருவாக்கி, பலிக்காமல் ஓரம்கட்டப்பட்ட ஏ.இசட்.டி என்ற மருந்தை அமெரிக்காவில் 282 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 145 பேருக்கு ஏ.இசட்.டி, 137 பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. இந்த மாதிரி ஆய்வுகளில் வெளி நிபுணர்கள் கொண்ட ஒரு கண்காணிப்புக் குழு இருக்கும். யாருக்கு எது போகிறது என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. அந்தக் குழு மட்டும் கணக்கைப் பிரித்துப் பார்க்கும். பார்த்தார்கள். வெற்று மாத்திரைப் பக்கம் 19 பேர் இறந்திருந்தார்கள், ஏ.இசட்.டி பக்கம் ஒருவர். அந்த செப்டம்பரிலேயே ஆய்வை நிறுத்தி எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். 1987 மார்ச்சில் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது.

அந்த 19 பேரை நினைத்தால் மனம் சங்கடப்படத்தான் செய்யும். ஆனால் ஆய்வு தொடங்கிய நாளில் ஏ.இசட்.டி உயிர் காக்குமா, ரத்தசோகையில் தள்ளிக் கொல்லுமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இன்று எச்.ஐ.வி உள்ள ஒருவருக்கு வெறும் வெற்று மாத்திரை கொடுத்து ஆய்வு செய்ய எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொள்ளாது. புது மருந்தை இருக்கிற நல்ல மருந்தோடுதான் மோதவிட வேண்டும்.

ஏ.இசட்.டியே வேலை செய்தது என்றால் ஏன் மூன்று மருந்து சேர்த்துக் கொடுக்கிறார்கள்?

ஒற்றை மருந்தாக அது அதிக நாள் தாங்கவில்லை. வைரஸ் உருமாறித் தப்பித்துக்கொண்டது. நோய்க்குறி வருவதற்கு முன்பே ஏ.இசட்.டி கொடுத்தால் ஆயுள் கூடுமா என்று பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் நாடுகளில் நடந்த கான்கார்ட் ஆய்வு, கூடவில்லை என்று 1990-களின் நடுவில் சொல்லிவிட்டது. பலருக்கு அது பேரிடி. 1996 வாக்கில் வெவ்வேறு இடத்தில் வைரஸை மறிக்கும் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மூன்றிலிருந்தும் ஒரே நேரத்தில் தப்பிக்கும் உருமாற்றம் வைரஸுக்கு மிக அரிது. அடுத்த ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் எய்ட்ஸ் மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. நம் அரசு ஏ.ஆர்.டி (எச்.ஐ.வி சிகிச்சை) மையங்களில் 2004 ஏப்ரல் முதல் இலவசமாகக் கொடுக்கப்படுவதும் இந்தக் கூட்டு மருந்துதான். முதலில் தொடங்கிய எட்டு ஆஸ்பத்திரிகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று.

ஒருவர் சாப்பிடும் மாத்திரை இன்னொருவரைக் காப்பாற்றுமா?

காப்பாற்றும். அதை நிரூபித்த ஆய்வு எச்.பி.டி.என் 052. அமெரிக்க டாக்டர் மைரன் கோஹன் தலைமையில் 9 நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் நடந்தது. ஒருவருக்கு எச்.ஐ.வி இருக்கும், துணைக்கு இருக்காது. இந்தியாவில் புனேயும் சென்னையும் ஆய்வு மையங்கள். சென்னையில் நடத்தியது ஒய்.ஆர்.ஜி கேர். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து மாணவி நிர்மலாவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகளைக் கண்டுபிடித்த டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய நிறுவனம் அது.

ஆய்வின் கேள்வி எளிமையானது. எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை 350-க்கும் 550-க்கும் நடுவில் இருப்பவருக்கு உடனே மருந்து கொடுப்பதா, 250-க்கு இறங்கும்வரை காத்திருப்பதா? அப்போது காத்திருப்பதுதான் உலக வழக்கம். எல்லாத் தம்பதிகளுக்கும் ஆணுறையும் ஆலோசனையும் கொடுத்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது.

2011-ல் கண்காணிப்புக் குழு கணக்கைத் திறந்தது. துணையிடமிருந்தே வந்த தொற்று என்று உறுதியானவை 28. அதில் 27 காத்திருந்த பக்கம், ஒன்றே ஒன்று உடனே மருந்து சாப்பிட்ட பக்கம். 96 சதவீதப் பாதுகாப்பு. ஆய்வு 2015 வரை நடக்க வேண்டியது. முடிவை உடனே வெளியிட்டு, காத்திருந்த எல்லோருக்கும் மருந்து தரச் சொல்லிவிட்டார்கள். தொடர்ந்து கவனித்ததில் கடைசிக் கணக்கு 93 சதவீதம்.

ரத்தத்தில் வைரஸ் குறைந்தால் பரவுவதும் குறையும் என்று டாக்டர்கள் முன்பே ஊகித்திருந்தார்கள், உண்மைதான். ஆனால் ஊகத்தை நம்பி எந்த அரசும் லட்சக்கணக்கான பேருக்கு மருந்து வாங்காது. இதற்குப் பிறகுதான் சிகிச்சைக்கு ஒதுக்கும் பணம் தடுப்புக்கும் சேர்த்து ஒதுக்கும் பணம் என்று சொல்ல முடிந்தது. நம்மூர்த் தம்பதிகளும் திரும்பத் திரும்ப வந்து ரத்தம் கொடுத்துத்தான் இந்த விடை கிடைத்தது என்பது இங்கே பலருக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

துணையிடமிருந்துதான் வந்தது என்று எப்படிச் சொன்னார்கள்?

வைரஸின் மரபணுவை ஒப்பிட்டு. கணவன், மனைவி இருவரிடமும் உள்ள வைரஸ் நெருங்கிய உறவாக இருந்தால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருக்கும் சாத்தியம் அதிகம். மிகவும் விலகி இருந்தால் தொற்று வேறு எங்கிருந்தோ வந்தது. இந்த ஆய்வில் அப்படி வெளியிலிருந்து வந்தவையும் சில இருந்தன. அதைக் குடும்பத்துக்குள் வெடிக்காமல் கையாள்வது ஆலோசகர்களின் பாடு.

வைரஸ் ‘கண்டறிய முடியாத அளவு’ ஆகிவிட்டால் பரவவே பரவாதா?

உடலுறவு வழியாகப் பரவாது. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வுகள் இதை நேராகவே எண்ணிப் பார்த்தன. ஒருவருக்கு எச்.ஐ.வி, மருந்தால் வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) 200-க்குக் கீழே, ஆணுறை போடாத ஜோடிகள். 2016-ல் வந்த முதல் கட்ட முடிவில் சுமார் 58,000 உறவுகள். 2019-ல் ஓரினச்சேர்க்கை ஆண் ஜோடிகளிடம் மட்டும் 76,000-க்கு மேல். துணையிடமிருந்து வந்த தொற்று இரண்டிலும் பூஜ்யம்.

ஆனால் மருந்து ஆரம்பித்த மறுநாளே இந்த நிலை வந்துவிடாது. வைரல் லோடு இறங்க மாதங்கள் ஆகும், டெஸ்ட் எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். மருந்தை விட்டால் வைரஸ் திரும்பி ஏறிவிடும். மற்ற பால்வினை நோய்களை இது தடுக்காது. தாய்ப்பாலுக்கும் ஊசி பகிர்வதற்கும் இந்த பூஜ்யக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது.

உடம்பு நன்றாக இருக்கும்போது மருந்துக்குக் கொஞ்சம் இடைவெளி விடலாமா?

வேண்டாம். பக்கவிளைவும் செலவும் குறையுமே என்று இதையும் ஸ்மார்ட் என்ற ஆய்வில் 5,472 பேரிடம் பார்த்துவிட்டார்கள். இடைவெளி விட்டவர்களுக்குக் கடும் நோயோ மரணமோ வரும் ஆபத்து இரண்டரை மடங்குக்கு மேல். இதயம், சிறுநீரகம், ஈரல் கோளாறுகளும் அவர்களுக்குத்தான் அதிகம். மருந்தின் நச்சால் வரும் என்று பயந்ததெல்லாம் மருந்தை நிறுத்தியதால் வந்தது. 2006 ஜனவரியில் ஆய்வை நிறுத்தினார்கள்.

எப்போது ஆரம்பிப்பது என்ற கேள்வியை 2015-ல் ஸ்டார்ட் ஆய்வு முடித்து வைத்தது. 35 நாடுகளில் 4,685 பேர். உடனே ஆரம்பித்தவர்களுக்குக் கடும் நோய், மரணம் 57 சதவீதம் குறைவு. எச்.ஐ.வி உறுதியானால் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் மருந்து என்று 2017-ல் இந்தியாவும் மாறியது.

தாய்க்கு இருந்தால் குழந்தைக்கு வந்தே தீருமா?

இல்லை. 1994-ல் முடிவு வந்த ஒரு அமெரிக்க, பிரெஞ்சு ஆய்வில் ஏ.இசட்.டி மட்டுமே குழந்தைக்குத் தொற்றுவதை 25.5 சதவீதத்திலிருந்து 8.3 ஆகக் குறைத்தது. 1999-ல் உகாண்டாவில் தாய்க்கு ஒரு வேளை, பிறந்த சிசுவுக்கு ஒரு வேளை நெவிராபின் என்ற மலிவான முறையும் நல்ல பலன் காட்டியது. இன்று கர்ப்பிணிக்கு முழுக் கூட்டு மருந்தே தருகிறார்கள்; வைரல் லோடு அடங்கியிருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகச் சொற்பம்.

நோயே இல்லாதவர் தடுப்புக்காக மாத்திரை சாப்பிடலாமா?

சாப்பிடலாம். அதற்கு பிரெப் என்று பெயர். இதன் ஆய்வு வரலாறுதான் எனக்கு எல்லாவற்றையும்விட சுவாரசியமானது.

2010-ல் ஐபிரெக்ஸ் என்ற ஆய்வு 2,499 பேரிடம் (ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள்) தினம் ஒரு மாத்திரை கொடுத்துப் பார்த்தது. பாதுகாப்பு 44 சதவீதம். சுமார்தான் என்று தோன்றும். ஆனால் ரத்தத்தில் மருந்து தென்பட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் பாதுகாப்பு 90 சதவீதத்துக்கு மேல் போனது. கென்யாவிலும் உகாண்டாவிலும் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி உள்ள தம்பதிகளிடம் நடந்த ஆய்வு 75 சதவீதம் காட்டியது.

அப்புறம் வந்தது வாய்ஸ். தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்கள். பலன் பூஜ்யம். கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டதாகச் சொன்னார்கள், திருப்பிக் கொடுத்த மாத்திரை எண்ணிக்கையும் சரியாக இருந்தது. ரத்தத்தைச் சோதித்தால் பத்தில் மூன்று பேரிடம்கூட மருந்து இல்லை.

பெண்கள் பொய் சொன்னார்கள் என்று இதை முடித்துவிடுவது சுலபம், நியாயமும் இல்லை. பிறகு உட்கார்ந்து பேசியபோது விஷயம் வெளியே வந்தது. வீட்டில் மாத்திரை டப்பாவைப் பார்த்தால் இவளுக்கே எச்.ஐ.வி என்று ஊர் பேசும். துணை சந்தேகப்படுவான். நன்றாக இருக்கிற உடம்புக்கு எதற்கு மருந்து என்ற தயக்கம். ஆனால் ஆய்வில் கிடைக்கும் நல்ல மருத்துவ கவனிப்பை விட மனமில்லை, நர்ஸைப் புண்படுத்தவும் மனமில்லை. சர்க்கரை மாத்திரையைத் தவறவிட்டுவிட்டு டாக்டரிடம் தலையாட்டும் நம் வீட்டுப் பெரியவர்கள் செய்வதும் இதேதான். அந்தப் பெண்கள் ஒளித்து வைக்கத் தேவையில்லாத ஒன்று வேண்டும் என்பது அங்கே தெளிவாயிற்று.

ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. மருந்தின் பெயர் லெனகாபவிர். வைரஸின் உள்கூட்டைக் குலைக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கு அடியில் போடுவார்கள். தொடக்கத்தில் மட்டும் இரண்டு நாள் மாத்திரையும் உண்டு.

தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுள்ள 5,338 பெண்களிடம் பர்பஸ் 1 ஆய்வு நடந்தது. லெனகாபவிர் போட்ட 2,134 பேரில் தொற்று ஒன்றுகூட இல்லை. தினசரி மாத்திரைகள் கொடுத்த இரண்டு குழுக்களில் 2,136 பேரில் 39, 1,068 பேரில் 16. 2024 ஜூனில், குறித்த காலத்துக்கு முன்பே எல்லோருக்கும் ஊசி கொடுக்கச் சொன்னார்கள். இங்கே வெற்று ஊசிக் குழுவே கிடையாது. தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் அந்த ஊர்களில் எவ்வளவு தொற்று வந்திருக்கும் என்பதை, ஆய்வில் சேர வந்து பரிசோதித்துக்கொண்டவர்களின் புதிய தொற்றுகளிலிருந்து கணக்கிட்டார்கள்.

அந்த மாத்திரைக் குழுக்களில் மறுபடியும் வாய்ஸ் கதைதான்: பலர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஊசியை யாரும் வீட்டில் பார்க்க முடியாது.

விலை?

2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது ஒரு வருஷத்துக்கு 28,218 டாலர் என்று விலை போட்டார்கள். சில மாதங்களில் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டிஸ், ஹெட்டெரோ நிறுவனங்கள் 2027 முதல் 120 நாடுகளுக்கு வருஷம் சுமார் 40 டாலருக்குத் தருவதாக ஒப்பந்தங்கள் அறிவிக்கப்பட்டன. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 2001-ல் சிப்லா கூட்டு மருந்தை வருஷம் 350 டாலருக்குத் தருகிறேன் என்று சொன்னபோதும் இதே மாதிரிதான் உலகம் விழித்தது.

தடுப்பூசி மட்டும் ஏன் வரவே இல்லை?

அம்மையோ மஞ்சள் காமாலையோ வந்து தானாகக் குணமானவர்கள் உண்டு. அந்த உடம்பு செய்ததைத் தடுப்பூசி பார்த்துச் செய்யலாம். எச்.ஐ.வியில் காப்பியடிக்க அப்படிக் குணமான உடம்பு கிடையாது. வைரஸ் வேகமாக உருமாறுகிறது. உள்ளே புகுந்த சில நாட்களில் நம் மரபணுவுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறது.

முயற்சிக்குக் குறைவில்லை. 2007-ல் ஸ்டெப் என்ற ஆய்வில் ஊசி போட்டவர்களில் ஒரு பகுதியினருக்குத் தொற்று கூடுதலாகவே வந்தது, நிறுத்தினார்கள். 2009-ல் தாய்லாந்தில் 16,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வு 31 சதவீதப் பாதுகாப்பு காட்ட, எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதையே மேம்படுத்தித் தென்னாப்பிரிக்காவில் 5,407 பேரிடம் போட்டுப் பார்த்தால், 2020-ல் ஊசி போட்ட பக்கம் 129 தொற்று, வெற்று ஊசிப் பக்கம் 123. சென்னையிலும் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 2006-ல் ஒரு முதற்கட்டத் தடுப்பூசி ஆய்வு நடந்தது. பாதுகாப்பானது என்று தெரிந்தது. அதற்கு மேல் போகவில்லை.

முழுசாகக் குணமாக்கும் மருந்து இருக்கிறது என்று விளம்பரம் வருகிறதே?

இல்லை. உலகில் குணமானவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பெர்லின் நோயாளி எனப்பட்ட திமதி ரே பிரவுன் முதல் ஆள். ரத்தப் புற்றுநோய்க்காக, எச்.ஐ.வி நுழையும் வாசல் இயற்கையிலேயே இல்லாத ஒருவரின் எலும்பு மஜ்ஜையைப் பொருத்திக்கொண்டவர். உயிரையே பணயம் வைக்கும் சிகிச்சை அது. மாத்திரை போதுமானவருக்கு அதைச் செய்ய மாட்டார்கள். விளம்பரத்தை நம்பி ஏ.ஆர்.டியை நிறுத்தாதீர்கள். ஸ்மார்ட் ஆய்வில் என்ன நடந்தது என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

ஊசி குத்திவிட்டது, அல்லது வன்கொடுமை நடந்துவிட்டது. உடனே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் மருந்து. அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். இதற்குக் குலுக்கல் ஆய்வு கிடையாது. ஊசி குத்திய நர்ஸுக்கு வெற்று மாத்திரை கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஊசி குத்திய மருத்துவப் பணியாளர்களைப் பின்னோக்கி ஒப்பிட்ட 1997-ஆம் வருஷத்து ஆய்வில், ஏ.இசட்.டி சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து 81 சதவீதம் குறைவாக இருந்தது. அதை வைத்துத்தான் நடைமுறையே வந்தது.

என்னை ஒரு ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

சம்மதப் படிவத்தையும் தகவல் தாளையும் தமிழில் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். அங்கேயே கையெழுத்துப் போடு என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடலாம். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டு எண்ணைக் கேளுங்கள்; 2009 முதல் பதிவு கட்டாயம், இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவார்கள் என்று கேளுங்கள். 2019-ஆம் வருஷத்துப் புது மருந்து விதிகளில் அது இருக்கிறது. ஆய்வு முடிந்த பிறகு மருந்து கிடைக்குமா என்றும் கேளுங்கள். பலரும் விட்டுவிடும் கேள்வி அது. எச்.ஐ.வி நிலையை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் தனிச் சட்டமே இருக்கிறது.

பரிசோதனை எங்கே?

அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையத்தில், இலவசமாக, ரகசியமாக. சந்தேகம் கேட்க 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்; பெயர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.